ஓசூர் மேட்டின் வண்டிக்குடிகள்

வீடு ஓரிடத்தில் நிற்கும், மனிதர் அதிலிருந்து கிளம்பி வேலைக்குப் போய்த் திரும்புவார் என்பது நம் காலத்து ஏற்பாடு. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வேனில் ஊர் ஊராகப் போகிறவர்களைக் கண்டதும் "இவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றுவது அதனால்தான். வேலை ஒரு முகவரியில்தான் இருக்கும், முகவரி இல்லாதவருக்கு வேலையும் இருக்காது என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. ஓசூரின் பழைய வரலாறு இந்த நம்பிக்கைக்கு நேர் எதிராக நிற்கிறது. கிருஷ்ணகிரிச் சமவெளியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு வருகிறவர் சுமார் நானூறு மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார். பழைய சேலம் மாவட்டத்தைப் பிரித்துச் சொன்ன நிர்வாகிகள் கீழ்ப்பகுதியைத் தாலாகாட் என்றும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தைப் பாராமகால் என்றும், கணவாய்க்கு மேலே இருந்த ஓசூர் வட்டத்தைப் பாலாகாட் என்றும் அழைத்தார்கள். மேட்டில் கேழ்வரகும் கொள்ளும் புளியும் விளைந்தன. உப்பு மட்டும் கடலிலிருந்து வந்தாக வேண்டும். கடற்கரை விலைக்கும் மேட்டு விலைக்கும் இடையில் இருந்த வித்தியாசமே நூற்றாண்டுகளாகப் பல குலங்களுக்குச் சோறு போட்டது. அந்த வித்தியாசத்தைச் சுமந்து திரிந்தவர்கள் குடும்பத்தோடு, சட்டிபானையோடு, சுமையின் மேலேயே வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் தொடர்ந்து பார்த்தால் எனக்கு ஒரே முடிவுதான் தெரிகிறது: வண்டியில் வாழ்ந்தவர்களின் கதியை அவர்கள் அலைந்தார்கள் என்பது தீர்மானிக்கவில்லை, அந்த வண்டியும் அதில் ஏறிய சரக்கும் யாருக்குச் சொந்தம் என்பதே தீர்மானித்தது.

சங்ககால உப்பு வணிகரான உமணரிடமிருந்து தொடங்குவது வழக்கத்துக்காக அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உப்பு வண்டியைவிடத் தெளிவான நடமாடும் வீடு தமிழில் எங்கும் வரையப்படவில்லை. அந்த வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது, சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது, புளித்த காடி வைத்த கலம் இருக்கிறது. எருதுகளை ஓட்டுகிறவள் கைக்குழந்தைக்காரி. இவ்வளவும் ஏறியிருக்கும் வண்டி சுற்றுலாவுக்குப் போகவில்லை, உப்பு விற்கப் போகிறது. அகநானூற்றில் உமணர் மகள் தானே தெருவில் கூவி, உப்புக்கு மாற்றாக நெல்லைக் கேட்கிறாள். ஆக வண்டி வீடாகவும் கடையாகவும் இருந்தது. கணவன் வியாபாரி, மனைவி வீட்டுக்காரி என்ற பிரிவினைக்கு அதில் இடமில்லை. பாட்டுகள் கணக்குப் புத்தகங்கள் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான், எத்தனை வண்டி, எவ்வளவு லாபம் என்று அவற்றிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் புலவர் உவமைக்கு எடுக்கும் பொருள் கேட்பவருக்கு நன்றாகப் பழகியதாக இருக்க வேண்டும். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் உதிரி அச்சோடு அவனை ஒப்பிடுகிறார். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. எருதுகள் இளையவை, பாரம் அதிகம், வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். எனவே ஓர் அச்சு முறிந்தால் இன்னொன்று வேண்டும் என்ற முன்யோசனை அந்தப் பாட்டில் இருக்கிறது. ஓர் அரசனைப் புகழ உப்பு வண்டிக்காரரின் முன்யோசனை உவமையாகிறது என்றால், அந்தத் தொழில் இந்த வட்டாரத்தில் மதிப்புள்ளதாகவே இருந்திருக்க வேண்டும்.

வண்டி போகாத கணவாய்களில் பொதிமாடு போனது. பொதிமாட்டுக் கூட்டத்தைத் தாண்டா என்று அழைத்த லம்பாடிகள், வடக்கே பஞ்சாரா என்று அறியப்படுபவர்கள், இந்த வரலாற்றின் இரண்டாவது பெரிய சாட்சி. 1632இல் ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் இடையே பயணம் செய்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகர் வழியில் 14,000 எருதுகள் கொண்ட ஒரு தாண்டாவைச் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். எல்லா எருதுகளின் மேலும் தானியம். மனைவி, குழந்தைகள், வீட்டுச் சாமான்கள் அனைத்தும் கூடவே போயின. அவர் குறித்த இன்னொரு செய்தியே என் வாதத்துக்கு முக்கியம்: எருதுகள் அவர்களுடைய சொந்த எருதுகள், சில வேளைகளில் வணிகர்கள் அவர்களை வாடகைக்கு அமர்த்தினாலும், பெரும்பாலும் அவர்களே சரக்கை வாங்கி விற்கும் வணிகர்களாக இருந்தார்கள். சுமக்கும் விலங்கும் சொந்தம், சுமையும் சொந்தம். கூலிக்காரருக்கும் வியாபாரிக்கும் உள்ள தூரம் அந்த ஒரு குறிப்பில் தெரிந்துவிடுகிறது.

ஓசூர் மேட்டில் இவர்களின் பலம் வெளிப்பட்டது மைசூர்ப் போர்களில். பெங்களூரை ஏற்கெனவே பிடித்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். போரில் தோற்காமலே திரும்ப நேர்ந்தது. படைக்குத் தீனி இல்லை, இழுவை மாடுகள் செத்து விழுந்தன, முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு அவர் பின்வாங்கினார். அடுத்து அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் கைப்பற்றியது. கிழக்கே, அன்று கர்நாடகம் எனப்பட்ட சமவெளியிலிருந்து தானியம் மேலே ஏறிவர அந்தக் கணவாய் திறந்திருக்க வேண்டும். கணவாய் கையில் வந்தபின் தானியத்தைக் கொண்டுவந்தவர்கள் கம்பெனியின் சிப்பாய்கள் அல்லர், லம்பாடிகள். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை பலித்ததும் மைசூரின் திப்பு பாராமகாலை இழந்ததும் இந்த வழங்கலின் பலத்தில்தான். 1799 மார்ச்சில் ஆங்கிலத் தளபதி ஹாரிஸ் தலைமையில் கடைசிப் படையெடுப்பு ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக மேலேறியபோதும் படையின் பின்னால் பொதிமாடுகளின் பெரும் மந்தை நடந்தது. அந்தப் போரின் முடிவில்தான் ஓசூர் வட்டமும் கம்பெனிக்குப் போனது. அக்காலத்துப் போர்களை நேரில் பார்த்த எட்வர்ட் மூர் 1794இல் வெளியிட்ட நூலில், எந்தப் படையும் லம்பாடிகளைத் தாக்காமல் விட்டது என்று குறிப்பிடுகிறார். காரணம் எளியது. அவர்களைக் கொள்ளையடித்தால் நாளை யாரும் தானியம் கொண்டுவர மாட்டார்கள். சொந்த மாடும் சொந்தச் சரக்கும் வைத்திருந்தவர்களால், இரண்டு பேரரசுகள் மோதிய களத்தின் நடுவே யாருக்கும் அடிமையாகாமல் நடக்க முடிந்தது.

இங்கே ஓர் எதிர்ப்பு நியாயமாகவே எழும். போரில் பிழைத்த கூட்டத்தைப் பெருமையாகச் சொல்லலாமா? பஞ்சத்திலும் போரிலும் தானிய விலை ஏறும். ஏற்றியவர்களில் இவர்களும் உண்டு. ஆங்கிலத் தளபதிகளே இவர்கள் சொன்ன சொல் தவறுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள் என்று குறைபட்டிருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைகூறலே என் சாட்சியம். பேரம் பேசுகிறவரிடம் பேரம் பேச ஏதோ ஒன்று இருக்கிறது. மேலதிகாரி உத்தரவிட்டால் ஓட வேண்டிய கூலியாளைப் பற்றி எந்தத் தளபதியும் அப்படி எழுத மாட்டார்.

மேட்டில் இன்னொரு சுமைக்குடி இருந்தது: உப்புக் குறவர். 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டைச் சுற்றி ஆராய்ந்த பிரான்சிஸ் புக்கனன், குறவர்கள் கூடை முடைவதையும், உப்பும் தானியமும் கணிசமான அளவில் வியாபாரம் செய்வதையும், பெயர்த்தெடுக்கக்கூடிய சிறு குடிசைகளில் வாழ்வதையும், வியாபாரத்தின் போக்கில் நாள்தோறும் நகர்வதையும் பதிவுசெய்தார். புக்கனன் தயவுதாட்சண்யத்தோடு எழுதுகிறவர் அல்லர். பல குலங்களைப் பற்றி அவர் எழுதியதில் அக்காலத்து மேல்சாதித் தகவலாளிகளின் இளக்காரம் தெரியும். அவரே குறவர்களை வியாபாரிகள் என்று எழுதினார். குற்றவாளிகள் என்று எழுதவில்லை. நூறாண்டுகளுக்கும் சற்று அதிகமாகக் கழிந்தபின் அதே மக்களை அரசு பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. நடுவில் என்ன நடந்தது என்பதே இந்தக் கட்டுரையின் மையம்.

நடந்தது ஒரே நாளில் நடக்கவில்லை. 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. அதன்பிறகும் உப்பை உள்நாட்டுக்குச் சுமக்க ஆள் வேண்டியிருந்ததால் குறவர்களின் கழுதைகளும் எருதுகளும் தொடர்ந்து நடந்தன. 1856இல் சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இணைப்பு வந்தது. கடலுப்பு இப்போது பெட்டியில் ஏறி மேட்டை அடைந்தது. இருந்தும் ரயில் நின்ற ஊருக்கும் நிற்காத ஊருக்கும் இடையில் பொதிமாட்டுக்கு வேலை மிச்சமிருந்தது. அப்போது வந்தது 1876–78 பஞ்சம். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். வளரவேண்டிய தொகை பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. மனிதர்களுக்கே கஞ்சி இல்லாத காலத்தில் சுமை மாடுகளுக்குப் புல் எங்கே? மாடு செத்தால் உப்புக் குறவரின் வீடும் கடையும் முதலும் ஒன்றாகச் செத்தன. பஞ்சம் முடிந்ததும் மாடு வாங்கி மீளலாம் என்றால், 1882இன் சென்னை வனச்சட்டம் மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் வேலி போட்டது. கூடைக்கு மூங்கில் இல்லை, மாட்டுக்குக் காடு இல்லை. அதே பத்தாண்டில் உப்பு நிர்வாகத்தில் வந்த மாற்றங்கள் பெரிய உரிமதாரர்களுக்குச் சாதகமாக அமைந்தன. குறவர்களின் இந்த வீழ்ச்சியை வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் நூலில் அரசு ஆவணங்களைக் கொண்டே விரிவாக நிறுவியிருக்கிறார். ரயில், உப்பு, காடு என்ற மூன்று திசைகளிலிருந்தும் ஒரு வணிகக் குடியின் வாசல்கள் அடைபட்டன என்பதை அவர் நூலைப் படித்த எவரும் மறுக்க முடியாது.

வாசல் அடைபட்ட பின்பும் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நடப்பது அவர்களுக்குத் தெரிந்த வாழ்வு. சரக்கில்லாமல் நடந்தவர்களைப் பார்த்து அரசு கேட்டது, நம் காலத்தவர் வேன்வாசிகளைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வியை: இவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்? வடஇந்தியாவுக்கு 1871இல் இயற்றப்பட்ட குற்றப்பழங்குடிச் சட்டத்தின் 1911ஆம் ஆண்டு வடிவம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை, பதிவு, இருப்பிடத்தை விட்டுப் போக அனுமதிச் சீட்டு, வேண்டுமானால் குடியேற்ற முகாம். 1913இல் குண்டூர் பக்கம் எருகுலருக்காக, அதாவது தெலுங்கு பேசும் குறவர்களுக்காக, இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் பொறுப்பில் ஸ்டூவர்ட்புரம் முகாம் உருவானது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் பக்கத்துப் புகையிலை ஆலைக்குக் கூலிகளாகப் போனார்கள். சொந்தக் கழுதையில் சொந்த உப்பை விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் புகையிலை ஆலைக் கூலிகளானார்கள். சட்டம் விலகிய பிறகும் பட்டியல் நின்றது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் சேலம் உப்புக் குறவர் என்ற பெயர் இருக்கிறது. குற்றத்தைச் சுட்ட வந்த பட்டியலே அவர்கள் செய்த தொழிலையும் சேர்த்துப் பதிந்துவைத்திருக்கிறது.

அவர்களில் திருடியவர்கள் இருந்தார்கள் என்று சொல்வோர் உண்டு. காவல்துறைப் பதிவேடுகளில் குறவர் கொள்ளைகள் வருகின்றன என்பதும் உண்மையே. தொழில் போனபின் சிலர் திருடினார்கள்; நிலமிழந்த உழவரும் திருடினார், வேலையிழந்த நெசவாளரும் திருடினார். அவர்களில் பெரும்பாலோரின் குலத்தைப் பிறவிக் குற்றக் குலமாக யாரும் பதியவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்: நிலையான ஊரும் வீடும் உடையவர் திருடினால் அவர் ஒருவர் திருடர், முகவரி இல்லாதவர் திருடினால் அவர் குலமே திருட்டுக்குலம். தவிர, ஆவணத்தை எழுதியவர் காவலர், எழுதப்பட்டவருக்கு எழுத்து தெரியாது என்பதையும் அந்தப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர் மறக்கக்கூடாது. சுதந்திரம் வந்த ஆண்டிலேயே சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுவதும் நீங்கியது. லம்பாடிகளுக்கு நேர்ந்தது சற்று வேறு. அவர்கள் சுமையைக் கைவிட்டு உழவுக்கும் கூலிக்கும் திரும்பினார்கள். அதே மக்கள் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடியினர், தமிழ்நாட்டில் இரண்டுமல்லர். ஓசூரில் எல்லைக் கல்லின் இந்தப் பக்கம் பிறந்தோமா அந்தப் பக்கம் பிறந்தோமா என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் மாறுகிறது. எல்லைகளைக் கடந்தே வாழ்ந்த ஒரு குடிக்கு இதைவிடப் பெரிய அநீதி ஒன்றை நினைத்துப் பார்க்க எனக்கு இயலவில்லை.

பொதிமாட்டின் இடத்தைக் கடைசியில் பிடித்தது ரயில் அல்ல, லாரி. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் அங்கிருந்து ஓசூருக்கு 1913இலும் வந்த குறுகிய பாதை ரயில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. சாலை நிலைத்தது. எழுபதுகளில் சிப்காட் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகையும் பெங்களூரின் அருகாமையும் ஆலைகளை ஈர்த்தன. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்யத் தொடங்கியது. மேட்டுக்குச் சுமை ஏற்றிவந்த இடத்திலேயே சுமக்கும் வண்டி பிறந்தது இந்தியத் தொழில் வரலாற்றின் பொருத்தமான நிகழ்வுகளில் ஒன்று. ஆனால் ஆலையிலிருந்து வெளிவந்தது முழு லாரி அல்ல. நீண்ட காலம் பெரும்பாலான வண்டிகள் என்ஜினும் சட்டமும் முகப்பும் மட்டுமுள்ள சேசிஸாகவே விற்கப்பட்டன. நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகள்தாம் பாடி கட்டின. டிரைவர் எங்கே படுப்பார், கிளீனர் எங்கே சமைப்பார் என்பதை ஆலையின் பொறியாளர் தீர்மானிக்கவில்லை. பாடி கட்டும் ஆசாரியும் வண்டி முதலாளியும் தீர்மானித்தார்கள். அந்த மொட்டைச் சேசிஸை நாட்டின் மறுகோடிக்கு ஓட்டிக்கொண்டு போவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. கதவில்லாத, கூரையில்லாத இருக்கையில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டுவார்கள்; வண்டியை ஒப்படைத்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்புவார்கள். நாட்கணக்கில் வாழ்ந்த வண்டியில் ஓர் ஆணிகூட அவர்களுடையதல்ல.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வாதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். இந்திய லாரித் தொழிலில் பெரும்பான்மை ஐந்து வண்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓனர் கம் டிரைவர் ஆனவர்களின் கதை அங்கொன்று இங்கொன்று அல்ல, ஒரு வட்டாரப் பொருளாதாரமே அதன்மேல் எழுந்தது. வங்கி ஏறிட்டுப் பார்க்காத அந்த டிரைவருக்குப் பழைய லாரியை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கும் தொழிலை 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் போக்குவரத்து நிதி நிறுவனம் பெருக்கியது. வட்டி கடுமையாக இருந்தது உண்மை. ஆனாலும் வண்டி சொந்தமானதும் அதே மனிதர், அதே இருக்கை, அதே நெடுஞ்சாலை, வேறு வாழ்க்கை. எந்த லோடை ஏற்றுவது, எங்கே நிறுத்தி உறங்குவது, ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பதா காலியாகத் திரும்புவதா என்பதை அவரே முடிவு செய்தார். பீட்டர் மண்டி பார்த்த தாண்டாக்காரருக்கும் இவருக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு இருக்கிறது. பொருளாதார நிலையில் இருவரும் அண்ணன் தம்பிகள்.

சொந்த வண்டி இல்லாத டிரைவரைச் சட்டம் காப்பாற்றியிருக்கலாமே என்றால், 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டத்தான் செய்தது. ஆனால் அது ஐந்தோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்த்த பெருந்திரளை அது தொடவில்லை. ஓசூரின் ஜூஜூவாடி செக்போஸ்ட்டிலும் மறுபுறம் அத்திபெலேயிலும் வரிசையில் நின்ற நேரம் அவர்களுக்கு வேலை நேரமாக எண்ணப்பட்டதில்லை. வண்டிக்கடியில் தார்ப்பாய் விரித்து ஸ்டவ் பற்றவைத்த அந்த மணிகள் டிரைவரின் சொந்த நஷ்டம். 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கியபோது அந்த வரிசை குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. மேட்டில் லாரி பிறக்கத் தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதற்குள் ஒரு மனிதர் வாழ்கிறார் என்பதை விதிப்புத்தகம் ஒப்புக்கொண்டது.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்த வாதத்துக்கு இன்னும் கூர்மையான சான்று. ஓசூரும் கிருஷ்ணகிரியும் பாறை நிலம். ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறார்கள். துளைக்கும் வண்டி ஒன்று, காற்றழுத்த இயந்திரமும் குழாய்களும் ஆட்களின் மூட்டை முடிச்சும் ஏற்றிய துணை வண்டி ஒன்று என்று இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் மாநிலம் மாநிலமாகப் போகும். சமையல், தூக்கம், துவைப்பு எல்லாம் அந்தத் துணை வண்டியைச் சுற்றித்தான். உமணர் வண்டிக்குப் பிறகு வீடும் கருவியும் ஒன்றான வாகனம் இதுபோல் வேறொன்று இல்லை. எனினும் அடிக்கு இவ்வளவு என்று பேசும் வாடகை திருச்செங்கோட்டுக்குப் போகிறது. வண்டியில் வாழ்கிற குழுவுக்குச் சம்பளம் வருகிறது. அக்குழுவில் இப்போது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாக்காரர்கள் ஏராளம். முதலாளிக்கு ஊரில் வீடு, தொழிலாளிக்கு வண்டியே வீடு. பழைய தாண்டாவில் ஒரே உடலில் இருந்த இரண்டு பேரும் இங்கே இரண்டு வெவ்வேறு மனிதர்களாகப் பிரிந்துவிட்டார்கள்.

வண்டி சொந்தமாக இருந்தாலே போதுமா என்று கூர்மையான வாசகர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2008 முதல் 2023 வரை நடத்திய கேம்பர்ஃபோர்ஸ் திட்டம் அவர்கள் கையில் வலுவான ஆயுதம். சொந்த வேன்வீடுகளில் வாழ்ந்த முதியவர்கள், வீட்டுக்கடன் நெருக்கடியில் எல்லாம் இழந்தவர்கள், பண்டிகைக் காலங்களில் கிடங்குகளின் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பொட்டலம் கட்டினார்கள். ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட நூலில் அவர்களின் வலிக்கும் முதுகுகளையும் முழங்கால்களையும் காணலாம். வண்டி அவர்களுடையது, பிழைப்பு அவர்கள் கையில் இல்லை. இந்த எதிர்ப்பு என் வாதத்தை முறிக்கவில்லை, திருத்துகிறது. உமணரின் எருதும் லம்பாடியின் பொதியும் படுக்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை, அவையே தொழிற்கருவி. வாகனம் வெறும் கூரையாகிவிட்டால் அதன் உரிமையாளர் மலிவாகக் கிடைக்கும் நடமாடும் கூலி. வாகனமே தொழிலாகவும் அது அவருடையதாகவும் இருந்தால் அவர் வியாபாரி.

தமிழ்நாட்டின் வேன்வீடு இன்று எந்தப் பக்கம் நிற்கிறது? நம்மிடம் கேரவன் முதலில் வந்தது படப்பிடிப்புக்கு. உரிமையாளர் வண்டியை நாள் வாடகைக்கு விடுகிறார். நடிகர் உள்ளே ஓய்வெடுக்கிறார். டிரைவர் முன் இருக்கையிலோ நிழலிலோ காத்திருக்கிறார். 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் அதை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வாடகை வண்டிகள் பெருகினால் நல்லதுதான். ஓசூர், கிருஷ்ணகிரி, ஒகேனக்கல் வழி அதற்கு ஏற்றது. ஆனால் முதலீட்டாளர் வண்டி வாங்கி, சம்பள டிரைவர் அதை ஓட்டி, இரவில் உள்ளே விருந்தினரும் வெளியே டிரைவரும் உறங்கும் ஏற்பாடு ரிக் வண்டியின் கதையை ஜன்னல் திரையோடு திரும்பவும் எழுதுவதாகும்.

அலைச்சலையே மேலானதாக்கிப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். லாரி டிரைவர்கள் பலர் தம் பிள்ளைகள் ஸ்டீயரிங் பிடிக்கக்கூடாது என்கிறார்கள், அந்த விருப்பம் நூற்றுக்கு நூறு நியாயமானது. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் நிலைபெற்ற லம்பாடிப் பெண்கள், மறந்துபோன தம் கைத்தையலை மீட்டு, போர்கை என்ற பெயரில் தாங்களே நடத்தும் அமைப்பாகச் செய்து விற்கிறார்கள். அவர்கள் நடக்கவில்லை, ஆனால் ஊசியும் துணியும் விலையும் அவர்கள் கையில் இருக்கின்றன. நகர்ந்தாலும் நின்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்பதற்கு அவர்களும் சாட்சி.

எனவே அரசிடம் கேட்பது இரண்டு. கேரவன் சுற்றுலாவுக்கு மானியமோ கடனோ கொடுக்கும்போது முதல் உரிமை பல்லாண்டு ஓட்டிய டிரைவர்களுக்கும் அவர்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டுறவுகளுக்கும் இருக்க வேண்டும். வாகன அனுமதியில் விருந்தினர் படுக்கையோடு டிரைவருக்கு ஒரு படுக்கையும் கட்டாயமாக வேண்டும். இரண்டாவது, ஜூஜூவாடியிலும் கிருஷ்ணகிரிச் சந்திப்பிலும் லாரிக்காரர்களும் ரிக் ஆட்களும் குளித்து, சமைத்து, காவலோடு உறங்க இடம் வேண்டும். உப்புக் குறவரின் மேய்ச்சல் நிலத்தையும் தங்குமிடத்தையும் சட்டத்தால் பறித்தது ஓர் அரசு. அவர்களுக்குப் பின் அதே வழியில் வந்தவர்களுக்கு ஓரிரு ஏக்கர் நிலம் ஒதுக்குவது இன்றைய அரசுக்குப் பெரிய செலவு அல்ல.